குன்னூர் வக்கீல் ஆபீஸ்: முதல் கேள்வியே "என்னைக்கு அடிபட்டதுங்க?"

ஐந்துக்கு நாலு ஸ்டார் தருகிறேன். பெயர் மட்டும் போட மாட்டேன். வக்கீல்கள் தங்களுக்கு விளம்பரம் தேடிக்கொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, நான் புகழப்போய் அது அந்த வக்கீலம்மாவுக்கு வம்பாக முடிய வேண்டாம். அதோடு அக்காவின் கேஸ் இன்னும் ஊட்டியில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே "எந்த ஆபீஸ், நம்பர் கொடுங்க" என்று யாரும் கேட்காதீர்கள். ஆக்சிடெண்ட் கேஸுக்காக நீலகிரியில் எந்த வக்கீல் படி ஏறினாலும் அவரை எதை வைத்து எடைபோடுவது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நடந்தது சுருக்கமாக. 2025 ஜனவரி, பொங்கல் முடிந்த அடுத்த வாரம். கோத்தகிரி ரோட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த என் அக்கா மேல், வளைவில் அகலமாக ஒடித்துத் திரும்பிய டூரிஸ்ட் வேன் மோதிவிட்டது. வலது காலில் முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டன. கோவைக்குக் கொண்டுபோய் ராடு வைத்தார்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் போனது, அதற்குப் பிறகு ஆன செலவெல்லாம் எங்கள் கை. எஃப்.ஐ.ஆர். அன்றைக்கே போட்டுவிட்டார்கள், வேனுக்கு இன்சூரன்ஸும் இருந்தது. ஆக கேஸ் போடுவதில் சிக்கல் எதுவும் இல்லை. எப்போதுக்குள் போட வேண்டும் என்பதில்தான் ஆளுக்கு ஒரு கணக்கு சொன்னார்கள்.

எங்கள் ஊரில் கோர்ட் விவரம் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய ரிட்டயர்ட் குமாஸ்தா ஒருவர், "ஆக்சிடெண்ட் கேஸுக்குக் கெடுவே கிடையாது, பத்து வருஷம் கழிச்சுக்கூட போடலாம்" என்றார். டீ ஃபேக்டரியில் இருக்கிற எங்கள் சித்தப்பா பையன் ஃபோனில் தேடிப் பார்த்து ஆறு மாசம் என்றான். கோவை ஆஸ்பத்திரி வராண்டாவில் விசிட்டிங் கார்டு கொடுத்த ஆள், "மூணு வருஷம் டைம் இருக்குதுங்க, கால் ஆறட்டும், சதவீதம் எவ்வளவுன்னு டாக்டர் சொல்லட்டும், அப்புறம் போட்டாத்தான் பெரிய தொகை வரும்" என்றார். வலியில் இருக்கிறவர்களுக்கு இந்த மூன்றாவது பதில்தான் இனிக்கும்.

அந்த வராண்டா ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அவர் வக்கீல் இல்லை, வக்கீலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர். ஃபீஸ் எதுவும் வேண்டாம், வருகிற பணத்தில் நாலில் ஒரு பங்கு என்றார். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் எல்லாவற்றையும் ஒரிஜினலாக வாங்கிக்கொண்டார். எழுதாத பச்சைத் தாளில் அக்காவிடம் கையெழுத்தும் வாங்கப் பார்த்தார், "கையில ட்ரிப்ஸ் ஏறுது, அப்புறம் போடறேன்" என்று அக்கா நழுவிவிட்டாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஃபோன் போட்டால் ஒரே பதில்தான்: "டைம் இருக்குதுங்க." வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசக் கூடாது, வருகிற தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்பதும் பார் கவுன்சில் விதிதான் என்பது பிறகுதான் தெரிந்தது. யாராவது உங்களிடம் சதவீதம் பேசினால், அவர் மற்றதைச் சரியாகச் சொல்வாரா என்று அங்கேயே சந்தேகப்படலாம்.

சீசன் கூட்டம் வடிந்து ஜூன் மழை பிடித்த பிறகு, பச்சை இலை ஏற்றப் போன இடத்தில் ஒரு டிரைவர் சொல்லித்தான் இந்தக் குன்னூர் ஆபீஸுக்குப் போனேன். மார்க்கெட்டுக்கு மேலே, ஒரு துணிக்கடை மாடியில் இரண்டு அறை. படி செங்குத்து, கைப்பிடி ஆடும். உள்ளே ஒரு நீள பெஞ்சு, சுவர் முழுக்க நூல் கட்டிய கட்டுகள், மழை ஈரத்தில் எல்லாமே லேசாகப் பூஞ்சை வாசம். வக்கீல் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா. நான் வேன் எப்படி வந்தது, டிரைவர் எப்படி ஓட்டினான் என்று கதையை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "அதெல்லாம் அப்புறம் சொல்லுங்க தம்பி. என்னைக்கு அடிபட்டதுங்க?" என்றார். தேதியைச் சொன்னேன். மேஜை மேல் இருந்த நீளமான டைரியைத் திறந்து ஜூலை மாதப் பக்கத்துக்குப் போய், ஆறு மாதம் முடிகிற தேதியில் சிவப்புப் பேனாவால் அக்கா பெயரை எழுதினார். அதற்குப் பத்து நாள் முன்னால் இருந்த பக்கத்திலும் அதே பெயரை நீலப் பேனாவால் எழுதினார். "நமக்கு நீலம்தான் கடைசி நாள். சிவப்பு கோர்ட்டுக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார்.

நான் தரும் நாலு ஸ்டாரில் மூன்று இதற்குத்தான்.

மூன்று பேர் மூன்று கணக்கு சொன்னதற்குக் காரணத்தையும் அவரே விளக்கினார். ரிட்டயர்ட் குமாஸ்தா பொய் சொல்லவில்லை, அவர் வேலை பார்த்த காலத்துச் சட்டத்தைச் சொல்லியிருக்கிறார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இல் வந்தபோது ஆறு மாதம் என்று கெடு இருந்தது, காரணம் காட்டினால் ஒரு வருஷம் வரை தாமதத்தை மன்னிக்கலாம். 1994 நவம்பரில் அந்தக் கெடுவையே எடுத்துவிட்டார்கள். இருபத்தேழு வருஷத்துக்கு மேல் ஆக்சிடெண்ட் இழப்பீட்டுக்குக் கால வரம்பே இல்லாமல் இருந்தது, இன்றைக்குக் கோர்ட் வாசலில் இருக்கிற பழைய ஆட்கள் பாதிப் பேர் அந்தக் காலத்தில் தொழில் கற்றவர்கள். 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2022 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதக் கெடு திரும்ப வந்துவிட்டது. பிரிவு 166, உட்பிரிவு 3. இந்தத் தடவை தாமதத்தை மன்னிக்கிற வரியை அந்தப் பிரிவில் எழுதவும் இல்லை. வராண்டா ஆள் சொன்ன மூன்று வருஷமும் வானத்திலிருந்து விழவில்லை. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தில், தனியாக வரம்பு சொல்லாத வழக்குகளுக்கெல்லாம் மூன்று வருஷம். அது சிவில் கோர்ட்டில் போடுகிற சாதாரண நஷ்டஈட்டு வழக்குக்கு. வண்டி மோதிய கேஸ் போவது அங்கே இல்லை, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு. ஃபோனில் பார்த்துச் சொன்ன பொடியன்தான் சரி, அவன் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் எங்களைக் கொல்கிறான்.

"கால் இன்னும் ஆறலையே, ஊனம் எவ்வளவுன்னு தெரியாம எப்படிப் போடறது?" என்று கேட்டேன். மனுவை இப்போதே போடலாம், ஊனச் சான்றை விசாரணை நேரத்தில் மெடிக்கல் போர்டு மூலம் வாங்கிக் கொடுக்கலாம், குற்றப்பத்திரிகை வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை, இருக்கிற காகிதத்தோடு உள்ளே நுழைந்துவிட்டு மீதியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அடிபட்டவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். உடம்பு தேறின பிறகு கேஸ் பார்ப்போம் என்பது நம் ஆட்களுக்கு இயல்பாக வருகிற யோசனை, ஆனால் சட்டம் நாளை எண்ணுவது எலும்பு கூடிய தேதியிலிருந்து இல்லை, மோதின தேதியிலிருந்து.

போலீஸ் தரப்பில் ஒரு வழி இருப்பதையும் சொன்னார். 2022-இல் வந்த விதிகளின்படி விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் போலீஸ் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும், அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். அந்த வருஷ டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை ஒழுங்காக நடத்தச் சொல்லித் தீர்ப்பு கொடுத்திருக்கிறது. "அப்ப நாம சும்மா இருந்தாலே போதுமே" என்றேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் ஜூனியரைப் பார்த்தார், ஜூனியர் ஜன்னலைப் பார்த்தான். சரி, புரிந்துவிட்டது.

எங்களுக்குத் தெரியாமல் இருந்த இன்னொரு நல்ல விஷயம், கேஸை எங்கே போடுவது என்பது. விபத்து நடந்த இடத்தில் மட்டும்தான் போட வேண்டும் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. அடிபட்டவர் குடியிருக்கிற இடம், தொழில் செய்கிற இடம், எதிர்தரப்பு இருக்கிற இடம், எங்கே வேண்டுமானாலும் போடலாம். மேட்டுப்பாளையத்திலோ திருப்பூரிலோ வண்டி மோதினாலும் நம் ஊர்க்காரர் ஊட்டியிலேயே போட்டுக்கொள்ளலாம். ஆறாத காலோடு மலை இறங்கி ஏற வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது காகித வேலை, இதில் ஆபீஸ் நன்றாகவே உழைத்தது. எஃப்.ஐ.ஆரைத் தமிழ்நாடு போலீஸ் இணையதளத்திலேயே இறக்கிக்கொண்டார்கள். ஸ்டேஷனில் விபத்து இடத்தின் ரஃப் ஸ்கெட்ச், இடத்தைப் பார்த்து எழுதிய மகஜர், வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் (எம்.வி.ஐ.) ரிப்போர்ட், ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி, காயச் சான்றான வூண்ட் சர்டிஃபிகேட், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் எல்லாவற்றுக்கும் ஜூனியரே அலைந்தான். வராண்டா ஆளிடம் இருந்த ஒரிஜினல்களை மீட்டதுதான் பெரும்பாடு. ஃபோனில் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். வக்கீலம்மா ஒரு நோட்டீஸை டைப் அடித்து அவர் வாட்ஸப்புக்கு ஃபோட்டோவாக அனுப்பினார், அடுத்த நாளே கூரியரில் வந்துவிட்டது. ஒரு எக்ஸ்ரே மட்டும் இன்றுவரை வரவில்லை.

அக்காவின் வருமானத்துக்குச் சான்று கேட்டபோது எங்களுக்குக் கைவிரித்த மாதிரி ஆகிவிட்டது. அரை ஏக்கருக்கும் குறைவான தோட்டம், அதில் அவளே பறிப்பாள், மற்ற நாளில் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவாள். சம்பளச் சீட்டு எங்கே இருக்கும்? ஃபேக்டரியில் இலை போட்ட பில் இருக்கிறதா என்று அந்த அம்மாதான் கேட்டார். அக்கா வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் கம்பியில் குத்தி வைத்திருந்த பில் கட்டை அப்படியே கம்பியோடு எடுத்துக்கொண்டு போனேன். விபத்துக்கு முந்தின மாதங்களில் எத்தனை கிலோ, அதற்குப் பிறகு எத்தனை கிலோ என்று குமாஸ்தா வரிசையாகக் கூட்டி எழுதினார். ஊன சதவீதம் ஒரு எண், அந்த ஊனத்தால் அவரவர் தொழில் எவ்வளவு கெட்டது என்பது வேறு எண், இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். கடையில் உட்கார்ந்து கல்லா பார்க்கிறவருக்குக் கால் மடங்காதது ஒரு கணக்கு, சரிவில் நின்று கூடையை முதுகில் மாட்டி இலை பறிக்கிறவளுக்கு அது வேறு கணக்கு. மலை ஊரில் வக்கீல் வைத்தால் மலைத் தொழில் தெரிந்தவரை வைக்கச் சொல்வது இதனால்தான்.

கையெழுத்து வாங்கிய நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்காவை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், வாக்கரோடு அந்தப் படியில் ஏற வழியே இல்லை. கீழே நின்று ஃபோன் போட்டதும் ஜூனியர் குடையும் ஃபைலுமாக இறங்கி வந்தான். ஜீப் பானெட் ஈரம் என்பதால் ஃபைலை அக்காவின் மடியிலேயே வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினான். "இந்த எடத்துல எவ்வளவு கேட்டிருக்கீங்க தம்பி?" என்று அக்கா கேட்டதற்கு எண்ணைப் படித்துக் காட்டினான். வக்காலத்துத் தாளில் வெற்றிடம் எதுவும் விடவில்லை. பின்னால் நின்ற பிக்கப்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான், இவன் அவசரப்படவில்லை. அரை ஸ்டார் இந்தத் தம்பிக்கு.

நீலத் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே மனுவை ஏற்றிவிட்டார்கள். ஊட்டி காக்காத்தோப்பு கோர்ட்டில் நம்பர் ஆனதும் கேஸின் அடையாள எண்ணான சி.என்.ஆர். நம்பரை எங்களிடம் கொடுத்தார்கள். அந்தப் பதினாறு எழுத்தும் எண்ணும் கையில் இருந்தால் ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் அடுத்த வாய்தா எப்போது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம், ஆபீஸுக்கு ஃபோன் போட்டுத் தொங்க வேண்டாம். எந்த வக்கீலிடம் போனாலும் இதைக் கேட்டு வாங்குங்கள், தரத் தயங்கினால் கேஸ் உண்மையிலேயே போட்டாயிற்றா என்று யோசியுங்கள்.

பெஞ்சில் காத்திருந்த நேரத்தில் காதில் விழுந்ததும், நான் வாயைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டதும் கொஞ்சம் இருக்கிறது. எஸ்டேட்டில் சில்வர் ஓக் கிளை வெட்ட ஏறி விழுந்த ஒரு அண்ணன், தனக்கும் ஆறு மாசம் தாண்டிவிட்டது என்று அழுகிற நிலையில் வந்திருந்தார். அவருக்கு அந்தக் கெடுவே இல்லை. வேலையில் அடிபட்டால் தொழிலாளர் துணை ஆணையரிடம் போக வேண்டும், அதற்கு இரண்டு வருஷம், சரியான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கவும் இடம் உண்டு. அந்த மனுஷன் முகத்தில் வந்த தெளிவைப் பார்க்க வேண்டுமே. அவர் போன பிறகு, தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தப்பாகிவிட்டது என்று ஒரு அம்மா வந்தார். அது நுகர்வோர் ஆணையம், அங்கேயும் இரண்டு வருஷம். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், ஈ-ஜாக்ரிதி என்கிற அரசு இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் போடலாம், ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வயிற்றில் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்கிற மாதிரி உள்ளே மறைந்திருந்து பிறகு தெரியவரும் விஷயம் என்றால் தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம். ஆனால் அதையும் நம்பி உட்கார முடியாது. ஆபரேஷனிலிருந்தே வலி இருந்தும் ஒன்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் புகாரை, காலம் கடந்துவிட்டது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டதாம். வயிற்றுக்குள் துணி இருந்தது அங்கேயும் உண்மைதான்.

ஊட்டியில் காசு கொடுத்துக் குதிரையில் ஏறி விழுந்தாலும், ரிசார்ட்டில் கம்பியில் தொங்கும்போது அறுந்து விழுந்தாலும் அதுவும் காசு கொடுத்து வாங்கின சேவைதான், நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷம், சிவில் கோர்ட் என்றால் மூன்று. வண்டி விபத்து இல்லாமல் வேறு ஒருவரின் தவறால் உயிரே போயிருந்தால் வாரிசுகளுக்கு இறந்த தேதியிலிருந்து இரண்டு வருஷம். சின்னப் பிள்ளை என்றால் சிவில் வழக்குக்கான காலம் பதினெட்டு வயதுக்குப் பிறகுதான் ஓட ஆரம்பிக்கும், ஆனாலும் பிள்ளை பெயரில் அம்மாவோ அப்பாவோ இப்போதே போடுவதுதான் புத்தி, பத்து வருஷம் கழித்து சாட்சி எங்கே தேடுவது? மலை ரயிலில் அடிபட்டால் என்னவென்று சும்மா கேட்டு வைத்தேன். ரயில் விபத்துக்கு ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம் தனி, ஒரு வருஷம். இத்தனை விதமான கெடு இருப்பதால்தான் ஒருவருக்குச் சரியாக இருந்த பதில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தப்பாகிவிடுகிறது. கடைசி நாள் கோர்ட் லீவு நாளில் விழுந்தால் திறக்கிற நாளில் போடலாமாம். அதையும் கேட்டேன், "அந்தக் கணக்கெல்லாம் எதுக்குங்க தம்பி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஃபீஸ். எனக்கு ஆரம்பத்திலிருந்தே பயம் இதில்தான். மனு போடும்போது ஒரு தொகை, சாட்சி விசாரணைக்கு ஒரு தொகை, தீர்ப்புக்குப் பிறகு ஒரு தொகை என்று முன்னாலேயே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். முதல் தொகையை இரண்டு தவணையாகக் கொடுத்தோம், ரசீதும் கிடைத்தது. மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு என்று தெரிகிறது, அது போதும். அந்தப் பணமும் முடியாதவர்களுக்கு அவரே ஒரு வழி சொல்கிறார், தன் வாடிக்கை போகுமே என்று பார்க்காமல். இலவச சட்ட உதவிக்கு வருமானம் குறைவாக இருக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம், ஆனால் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆகியோருக்கு 1987-ஆம் வருஷச் சட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. ஊட்டி கோர்ட்டில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்று எங்கிருந்தும் கூப்பிடலாம். எங்கள் அக்காவுக்குமே அந்தத் தகுதி உண்டு என்று முதல் நாளே சொன்னார். நாங்கள்தான் இவரிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம், அவர் வற்புறுத்தவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் ஃபோனை எடுப்பதே இல்லை, திரும்பக் கூப்பிடுவதும் இல்லை, வாட்ஸப்பில் இரண்டு நீல டிக் விழும், அவ்வளவுதான். வரச் சொன்ன நேரத்துக்குப் போனால் முன்னால் நாலு பேர் இருப்பார்கள். மனு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது, ஜூனியர் வாயால் சொன்னது சரி, ஆனால் கட்சிக்காரருக்கு ஒரு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கேட்டேன், "செய்யலாம்" என்றார், செய்யவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் நேரடியாக அக்காவுக்கு ஃபோன் செய்து சமாதானம் பேசப் பார்த்தபோது, அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்க ஒரு வாரம் இவரைப் பிடிக்கவே முடியவில்லை. பிடித்த பிறகு கொடுத்த யோசனை நல்ல யோசனைதான்: மறுக்கவும் வேண்டாம் ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசலாம், ஆனால் அங்கே முடித்துக்கொண்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்பது தெரிந்து கையெழுத்துப் போடுங்கள் என்றார். ஒரு வாரத் தாமதத்துக்கு அது ஈடாகாது. ஒரு ஸ்டார் இங்கேதான் போனது. மேலே ஏற முடியாதவர்களுக்குக் கீழே ஒரு நாற்காலியாவது போட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் ஒரு திருப்பம் வந்தது. ஆறு மாதக் கெடு செல்லுமா என்று உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கிற வழக்கில், அது முடியும் வரை கெடு தாண்டியது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. வராண்டா ஆள் எங்கிருந்தோ நியாபகம் வந்து ஃபோன் போட்டு, "பாத்தீங்களா, நான் அப்பவே டைம் இருக்குன்னு சொன்னேனில்ல" என்றார். எக்ஸ்ரே எங்கே என்று கேட்டேன், லைன் கட்டாகிவிட்டது. வக்கீலம்மாவிடம் இதைச் சொன்னபோது, கெடு தாண்டிப் போனவர்கள் மனதை விடாமல் உடனே வந்து போட வேண்டும், அவர்களுக்கு இது நல்ல செய்தி என்றார். புதிதாக அடிபட்டவர்களுக்கு? "இடைக்கால உத்தரவை நம்பி மனுவை வெச்சிருக்கிறது, ஊட்டி வெயிலை நம்பி வடகம் காயப் போடற மாதிரிங்க" என்றார். டைரியில் சிவப்பும் நீலமும் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை, அன்றைக்கும் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தார்.

இன்சூரன்ஸ் தரப்பு பதில் மனு போட்டுவிட்டது, தப்பு அக்கா மேல்தான், ரோட்டுக்குள் வந்து நின்றார் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லா கேஸிலும் அப்படித்தான் எழுதுவார்களாம். மெடிக்கல் போர்டுக்குத் தேதி வர வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு ஸ்டாரைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்க்கிறேன்.

அந்த ஆபீஸ் எது என்று எப்படியும் கண்டுபிடித்துப் போகிறவர்களுக்கு: கோர்ட் இருக்கிற நாளில் காலையில் போகாதீர்கள், எல்லோரும் ஊட்டியில் இருப்பார்கள், பூட்டுதான் இருக்கும். சனிக்கிழமை மதியத்துக்குள் போனால் அந்த அம்மாவையே பார்க்கலாம். வண்டியைத் துணிக்கடை வாசலில் நிறுத்தினால் கடைக்காரர் சண்டைக்கு வருவார். எஃப்.ஐ.ஆர். நம்பரும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஜெராக்ஸ் போதும், ஒரிஜினலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.